நாலாவது பலகை

…மூணாவது ஆணியும் வளைஞ்சு போச்சு, வளையாம என்ன செய்யும், செருப்புக்கு அடிக்கிற பொடி ஆணியை வெச்சு ஆளுயரப் பலகையை ஜன்னல்ல நிறுத்திடலாம்னு கிளம்பின மனுஷனை என்னன்னு சொல்றது, நாப்பது வருஷம் தோலையே பார்த்த கண்ணுக்கு உலகத்துல எல்லாமே செருப்புத்தான்… என்று விதாத் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டாள். பலகையின் கீழ்விளிம்பு அவள் தோளில் இருந்தது, மேல்விளிம்பு ஸ்டூலில் ஏறி நின்ற நக்லேயின் கையில். அவன் உதட்டில் வரிசையாக ஆணிகள். பட்டறைப் பழக்கம், வேலை முடிகிறவரை வாயைத் திறக்க மாட்டான், என்ன கேட்டாலும் ‘உம்’, ‘ம்ஹூம்’, அவ்வளவுதான், கல்யாணமான புதிதில் ஊமையைக் கட்டிக்கொண்டோமோ என்று ஒரு வாரம் பயந்தே போனாள். ஆனால் ஆணி வாயில் இல்லாத நேரத்தில் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அம்மாடி. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் துறைமுகம் வெடித்ததில் இந்த ஜெய்தாவிப் பேட்டையில் கண்ணாடி மிஞ்சிய வீடு ஒன்றுகூட இல்லை, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, இன்னும் தெரு முழுக்கக் கண்ணாடியைக் கூட்டுகிற சத்தம், கடல் அலை மாதிரி சரசரவென்று… உயிரோடு இருக்கிறோம், அதுதான் பெரிய விஷயம், அவள் சமையலறையில் குனிந்து வெங்காயக் கூடையைத் தேடிக்கொண்டிருந்தாள், குனியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், இந்த ஆளை நினைப்போம், அது போதும்.

“நக்லே, அந்தப் பொடி ஆணியைத் துப்பு. இது ஜன்னலு, உன் பாட்டா செருப்பு இல்ல.”

“ம்ஹூம்.”

பலகைக்கு ஊரிலேயே பஞ்சம், கண்ணாடிக்குக் கேட்கவே வேண்டாம், கடைக்காரன் கேட்ட விலையில் முன்பு ஒரு வீடே வாங்கியிருக்கலாம். அப்போதுதான் நக்லே பரணைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். நாலு வருஷமாக ஊறுகாய் ஜாடி வைக்க இடமில்லாமல் பரணை அடைத்துக்கொண்டு கிடந்த அந்த நாலு பலகைகள், எத்தனை தடவை ‘இதை அடுப்பெரிக்கவாவது கொடு’ என்று கத்தியிருப்பாள், ஒவ்வொன்றிலும் ஆளுயரத்துக்குக் காகிதத்தில் ஒட்டிய நக்லேயின் முகம், வழுக்கையை மறைத்து முடி வரைந்து, மீசையைக் கருக்கி, நெஞ்சுக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘என் கதவு எப்போதும் திறந்திருக்கும்.’ முக்தார் தேர்தலுக்கு நின்றபோது செய்தது. முக்தார் என்றால் பேட்டைக்குப் பெரியவர், பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் அவர் முத்திரை விழாமல் காகிதம் நகராது. நக்லேக்கு அந்த முத்திரை மேல் ஒரு மோகம். மொத்தம் அம்பத்தெட்டு ஓட்டு வாங்கினான்… பலகைதான் கிடைத்துவிட்டதே, முகம் உள்ளேயா வெளியேயா என்று அடுத்த சண்டை. தெருவே சிரிக்கும், உள்ளே திருப்பு என்றாள். அப்புறம் படுக்கையறையை நினைத்துப் பார்த்தாள், ஒரு நக்லே பக்கத்தில் குறட்டை விட, ரெண்டு நக்லே ஜன்னலிலிருந்து முறைக்க, ஐயோ வேண்டவே வேண்டாம், வெளியே இருக்கட்டும், தெரு சிரித்தால் சிரிக்கட்டும், மூணு நாளாக யாரும் சிரிக்கவில்லையே.

சிரித்தார்கள். முதல் பலகை ஏறினதுமே கீழே முடிவெட்டுகிற செர்கிஸ் கண்ணாடியில்லாத தன் கடைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு அண்ணாந்து பார்த்தான். “முக்தார்! மறுபடியும் நிக்கிறீங்களா? இந்தத் தடவை அறுபது நிச்சயம்!” நக்லே ஆணிகளைக் கையில் துப்பினான். “போன தடவை அம்பத்தெட்டுல உன் ஓட்டு இருந்துச்சாடா? அதைச் சொல்லு மொதல்ல!” “என் கத்திரி மேல சத்தியம், இருந்துச்சு!” “அப்படிச் சத்தியம் பண்ணினவங்க மட்டும் இருநூறு பேரு!” செர்கிஸ் சிரித்துக்கொண்டே “கூடையை இறக்குங்க உம் ஜாத், நல்ல ஆணி தர்றேன், அந்த ஆளு சுவத்துக்கு செருப்புத் தைக்கிறாரு” என்றான், மகன் ஜாத் பேரைச் சேர்த்து ‘ஜாத்தின் அம்மா’ என்றுதான் விதாத்தை அவன் கூப்பிடுவான். விதாத் பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கினாள், மூணு அங்குல ஆணி ஒரு பொட்டலமும், கூடவே ரெண்டு வெள்ளரிக்காயும் ஏறி வந்தன. நல்ல பிள்ளை. ஆனால் ஓட்டுப் பேச்சை எடுத்தால் நாலு வருஷமாக அவள் மண்டைக்குள் அதே எண்தான், அம்பத்தெட்டு, அம்பத்தெட்டு… அம்பத்தேழு ஆண்கள், ஒரு பெண். பெண்களுக்குத் தனிப் பெட்டி. அந்தப் பெட்டியில் நக்லே பேருக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அவனுக்கு அந்தப் பெட்டியில் சொந்தம் என்று இருந்ததோ ரெண்டு பேர், கட்டிக்கொண்டு வந்ததால் அவன் குடும்பப் பதிவேட்டில் ஏறிய விதாத், கல்யாணமே செய்துகொள்ளாததால் அதிலேயே இருந்துவிட்ட தங்கச்சி லோரிஸ். ரெண்டு பேர், ஒரு ஓட்டு. கணக்குத் தெரியாதவனுக்கும் புரியுமே.

ஏன் அப்படிச் செய்தேன்… ஓட்டுச்சாவடி மறைப்புக்குப் பின்னால் நின்றபோது ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, அதுதான் இப்போது நினைத்தால் வெட்கம். பழைய முக்தாரின் பெயரை எழுதினாள். அம்மா செத்த அன்றைக்கு ஒரு வாய் காபிகூட வாங்காமல் காகிதம் முடித்துக் கொடுத்த மனுஷன், அந்த நன்றிக்காக, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பொய். ‘என் கதவு எப்போதும் திறந்திருக்கும்’, அந்த வரியைப் படித்த நாளிலிருந்தே அவளுக்குத் திக்கென்று இருந்தது, யார் கதவு அது, அவள் கதவும்தானே? அவள் அப்பாவும் முக்தார். வீட்டில் எந்நேரமும் ஆள், விடியற்காலை ஐந்து மணிக்குச் சாவுச் செய்தி, பதினொரு மணிக்குக் கல்யாணக் காகிதம், ஊர்ப் பிள்ளைகள் பெயரெல்லாம் தெரியும், சொந்தப் பிள்ளைகள் பெயரை மாற்றிக் கூப்பிடுவார், ஒரு நாளாவது அவரோடு தனியாகச் சாப்பிட்ட ஞாபகம் இல்லை. நக்லே அப்படி ஆகிவிடக் கூடாது. மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு, பசை வாசனையோடு, ‘என்னடி இருக்கு?’ என்று மூடியைத் திறந்து பார்க்கிற அந்த மூஞ்சி அவளுக்கு வேண்டும், அது ஒன்றுதான் அவள் வாழ்க்கையில் கேட்டது. ஒரு ஓட்டுத்தானே, ஒரு ஓட்டு என்ன செய்துவிடும்? அவன் வேறு ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றான், அவள் போட்டிருந்தாலும் தோற்றிருப்பான், ஆனாலும் எண்ணி முடித்த அன்று ராத்திரி அவளுக்குத் தாங்கவில்லை, கூசா செய்தாள், குட்டிச் சுரைக்காயைக் குடைந்து அரிசியும் கறியும் அடைத்து, நாற்பது காய். வீட்டில் கூசா வேகிறதென்றால் ஒன்று பண்டிகை, இல்லையென்றால் விதாத் மேல் தப்பு என்று மகன் ஜாத் கேலி செய்வான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், பன்னிரண்டு பேர் மேசையில், யாரோ சிரித்துக்கொண்டே கேட்டார்கள், அந்த ஒரு ஓட்டு யாருடையது நக்லே? “என்னோடது” என்றாள் லோரிஸ், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, அதில் என்ன சந்தேகம் என்பதுபோல. எல்லாக் கண்ணும் விதாத் பக்கம் திரும்பியது. அவள் கையில் தட்டு. அப்போது நக்லே சொன்னான், “என் பொண்டாட்டியை எனக்குத் தெரியும். அது அவளோட ஓட்டு.” லோரிஸ் அண்ணனைப் பார்த்தாள். அப்புறம் விதாத்தைப் பார்த்தாள். வாயைத் திற, திறடி, என்று விதாத் தன்னையே கெஞ்சினாள், திறக்கவில்லை, தட்டை வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது லோரிஸ் நாற்காலி காலி. ரெண்டு தெரு தள்ளி இருக்கிறாள், நாலு வருஷம், அண்ணனும் தங்கச்சியும் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் நடைபாதை மாறுவார். ஈஸ்டருக்கு விதாத் செர்கிஸ் மூலம் பலகாரம் கொடுத்தனுப்புவாள். டப்பா கழுவித் திரும்பி வரும், ஒரு வார்த்தை வராது. என் ஓட்டை நீ திருடிக்கிட்டே என்று லோரிஸ் ஒரு தடவை கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லையே அவள்… செவ்வாய்க்கிழமை வெடித்த நிமிஷம் நக்லே நெற்றியில் ரத்தத்தோடு வெறுங்காலில் ஓடினான், கண்ணாடி மேலேயே, செருப்புக்காரன் வெறுங்காலில்! லோரிஸ் வீட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தானாம், அவள் பால்கனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாளாம், பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டான். செர்கிஸ்தான் சொன்னான். நக்லே சொல்லவில்லை. அன்று ராத்திரி அவன் பாதத்திலிருந்து இடுக்கியால் கண்ணாடித் துணுக்கை எடுத்துக்கொண்டே விதாத் முடிவு செய்தாள், சொல்லிவிடுவோம். புதன்கிழமை சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை. இதோ மூணு பலகை அடித்தாகிவிட்டது.

நாலாவது, பால்கனிக் கதவுக்கு. ஆனால் பால்கனிக் கதவின் மரத்தட்டி ஒரு கீலில் தொங்கினாலும் தாக்குப்பிடிக்கும், கயிறு போட்டுக் கட்டினால் போதும், இந்தப் பலகை லோரிஸுக்குப் போகட்டும், அவள் வாசற்கதவின் மேல்பாதி பிளந்து கிடக்கிறதாம், துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்குகிறாளாம், தனியாக. பலகையைத் தூக்கிவிட்டுச் சொல்லிவிடுவேன், நக்லே, அது லோரிஸ் ஓட்டுத்தான், என்று ஒரே மூச்சில். கத்தினால் கத்தட்டும், கதவைச் சாத்திக்கொண்டு போக வழியில்லை, வீட்டுக்குள் ஒரு கதவும் மிஞ்சவில்லையே. பலகையைச் சுவரிலிருந்து பிரித்துத் தன் பக்கம் திருப்பினாள். பின்பக்கம், வெறும் மரத்தில், தோலுக்குக் குறி போடுகிற நீலப் பென்சிலில் எழுத்து. நக்லேயின் கோழிக்கிறுக்கல். ஆண்கள், முதல் பெட்டி 21, ரெண்டாவது 36. பெண்கள் 1. ஆமாம், அன்று ராத்திரி பலகையெல்லாம் கூடத்தில் சாத்தியிருந்தது, அவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தான், அவள் சமையலறையில்… அந்த ஒன்றுக்குப் பக்கத்தில், அதே பென்சிலில், ஒரு பெயர். லோரிஸ்.

அன்று ராத்திரியே தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு ஏழு நாள் முன்பே. அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது, செவ்வாய்க்கிழமை அடைத்தமாதிரி. தலையைத் தூக்கினாள். நக்லே ஸ்டூலிலிருந்து இறங்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், வாயில் ஆணி இல்லை.

“அதை லோரிஸுக்குன்னுதான் கடைசியா வெச்சேன். அந்தப் பக்கம் பிடி. நழுவுது.”

பிடித்தாள். என்ன செய்ய, பிடித்துத்தான் ஆக வேண்டும். மூணு மாடி, மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை, படி முழுக்கச் சில்லு. அவள் முன்னால், அவன் பின்னால், நடுவில் அந்தப் பலகை. ரெண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். “நீ கூசா செஞ்சியே” என்றான். “பண்டிகையும் இல்ல, ஒண்ணும் இல்ல.” அப்புறம் ஏன் அன்னிக்கு மேசையில… “பன்னெண்டு பேரும் உன் மூஞ்சியைப் பாத்தாங்க விதாத். நீ தட்டைப் பிடிச்சிட்டு நின்ன நிலைமை இருக்கே… எதையாவது சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். அவ எழுந்து போயிடுவான்னு நினைக்கல.” போய்க் கூப்பிட்டிருக்கலாமே நீ? “என்ன சொல்லிக் கூப்பிடறது?” என்று கேட்டான், கோபமாக இல்லை, நிஜமாகவே தெரியாதவனைப்போல. தங்கச்சியைக் கூப்பிட வேண்டுமென்றால் பொண்டாட்டியைக் காட்டிக்கொடுக்க வேண்டும், நாலு வருஷம் இந்த மனுஷன் நடைபாதை மாறி மாறிப் போனதெல்லாம் எனக்காகவா, நான் மூடியைத் திறந்து பார்க்கிற மூஞ்சி வேண்டுமென்று அவன் கதவைச் சாத்தினேன், அவன் அந்த மூஞ்சியை எனக்குக் கொடுத்துவிட்டு வேறு ஒரு கதவைச் சாத்திக்கொண்டான்… அட பாவி, அட என் கண்ணே, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ? நான் மட்டும் சொன்னேனா?

ரெண்டு தெரு நடந்து லோரிஸ் வீட்டுப் படி ஏறினார்கள். கதவின் கீழ்பாதிதான் நின்றது, மேலே பூப்போட்ட படுக்கை விரிப்பு தொங்கியது, எங்கே தட்டுவது என்று தெரியாமல் விதாத் நின்றாள். அதற்குள் பின்னால் நக்லே அவசர அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து ஆணிகளை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது தெரிந்தது. கோழை! செல்லக் கோழை! விரிப்பு விலகியது. லோரிஸ் இளைத்திருந்தாள், கன்னத்தில் தையல். படிக்கட்டில் பக்கவாட்டாக நின்ற பலகையில் இருந்த அண்ணனை மேலிருந்து கீழே பார்த்தாள். “இந்த மூஞ்சி வந்திருக்கு, நிஜ மூஞ்சி எங்கே?” பலகைக்குப் பின்னாலிருந்து ‘உம்’ என்று ஒரு சத்தம். “வாயில ஆணியா? இருக்கட்டும். நாலு வருஷமா அப்படித்தானே இருக்கு.” ஆனால் உதடு துடித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பூட்டைத் திறந்தாள், கீழ்பாதிக் கதவைத் திறப்பதற்கு ஒரு பூட்டு, அதைப் பார்த்து விதாத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. லோரிஸ் பலகையின் விளிம்பைத் தொட்டாள், காகிதத்தில் கிழிந்திருந்த மீசையை நீவிவிட்டாள்.

“மூஞ்சி உள்ளே வரட்டும் விதாத். நான் ஓட்டுப் போட்ட மூஞ்சி, நானே பாத்துக்கறேன். திருப்புங்க.”

திருப்புவதா… எழுத்து விதாத்தின் நெஞ்சில் அழுந்திக்கொண்டிருந்தது. மூஞ்சி உள்ளே என்றால் எழுத்து மாடிப்படிக்கு, ஏறி இறங்குகிற எல்லோரும் படிப்பார்கள். மூஞ்சி வெளியே என்றால் எழுத்து லோரிஸின் கூடத்துக்கு, காபி குடிக்கும்போதெல்லாம் அவள் படிப்பாள், அண்ணனுக்கு அன்றைக்கே தெரியும் என்று, தெரிந்தே சொன்னான் என்று. எப்படித் திருப்பினாலும் யாராவது படிக்கத்தான் போகிறார்கள். இதை இப்போதுதான் கண்டாள், இத்தனை நாள் எந்தப் பக்கமும் திருப்பாமல் பரணில் கிடந்ததால்தான் மூணு பேரும் உயிரோடு இருந்தோம். நக்லே பலகையின் மறுமுனையிலிருந்து எட்டி அவளைப் பார்த்தான், கண்ணில் ஒரு கெஞ்சல், எதற்கு என்று தெரியவில்லை, சொல் என்றா, சொல்லாதே என்றா, அவன் வாயில் ஏழு ஆணி. அவள் வாயில் ஒன்றும் இல்லை.

“லோரிஸ்,” என்றாள், “திருப்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்…”