எதிர் மரத்துக் கேமரா

புலியின் முன்னங்கால் கம்பிக் கண்ணியில் எலும்புவரை அறுபட்டிருந்தது. அது இழுக்க இழுக்கக் கம்பி இறுகியது. சுகுமாரன் கூர்தீட்டிய இரும்புக் குழாயை அதன் விலாவில் இறக்கினான். உருவி மறுபடியும் இறக்கினான். உறுமல் அடங்கி, தொண்டையில் ரத்தம் கொப்பளிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

நான் கத்திக்கொண்டே ஓடினேன். புத்தியுள்ளவள் ஒளிந்திருப்பாள். எனக்குப் புத்தி எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும்.

சுகுமாரன் என் தங்கை தினேஸ்வரியின் புருஷன். கோலா கங்சார் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர்த் தோட்டம் இன்று காடாகிவிட்டது. அங்கே அவன் காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைப்பான். நான் அதே கித்தா மரங்களில் கேமரா கட்டி மிருகங்களை எண்ணுகிறவள். காட்டு உயிர்களைக் காப்போம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்த நாடு, எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் எங்கள் காட்டுக்கு ஒரே புலி. அதைத்தான் குத்திக்கொண்டிருந்தான்.

"சுகு, விடுடா! பாவம்டா அது!"

திரும்பினான். என்னைப் பார்க்கவில்லை, மரத்தில் இருந்த கேமராவைப் பார்த்தான். "எல்லாத்தையும் புடிச்சிருச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டே பாராங் கத்தியால் அதைச் சிதைத்தான். பிறகு கத்தியின் முதுகை என் தாடையில் இறக்கினான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். மூன்று விலா எலும்புகள் உடைந்திருந்தன. பள்ளத்தில் விழுந்தேன் என்று டாக்டருக்கு எழுதிக் காட்டினேன். தங்கைக்காக எழுதிய பொய்.

பத்தாம் நாள் தினேஸ்வரி குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கு வந்தாள். முந்தின நாள்தான் என்னோடு வேலை செய்யும் தர்மா ஒரு மெமரி கார்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால் பாதையின் இரண்டு பக்கமும் கேமரா கட்டுவோம். சுகுமாரனுக்கு அது தெரியாது. எதிர் மரத்துக் கேமரா, புதர் மறைவில், உடையாமல் இருந்தது. தங்கையிடம் மறைக்க மனம் வராமல் எழுதிக் காட்டினேன்.

அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "வனவிலங்கு இலாகாவுக்கு அனுப்பிடாதக்கா. புலியக் கொன்னா ஜெயிலு லா. மூணு புள்ளைங்க இருக்கு. ஒரே அடிதான், பயத்துல கை தவறிருச்சுன்னு அழுவுறாரு. மத்ததெல்லாம் நீ விழுந்ததுல ஒடைஞ்சதாம்."

நம்பத் தயாராகவே இருந்தேன். கார்டை அழித்தால் போதும். போன மாதப் படம் ஒன்று கைவசம் இருக்கிறது. அறிக்கையில் புலி உயிரோடு நடமாடும். நாடும் தேறும், தங்கை குடும்பமும் பிழைக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம். முழுப் புலியைக் கணக்கில் மறைப்பது சுலபம்.

அழிக்குமுன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வீடியோவை லேப்டாப்பில் ஓடவிட்டேன்.

முதல் அடியிலேயே விழுந்தேன். அசையவில்லை. அவன் என்னைத் தாண்டிப் புலியிடம் போனான். திரும்பி வந்தான். விலாவில் உதைத்தான். கத்தியின் முதுகால் அடித்தான். நின்று, முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அடித்தான். அவசரமே இல்லை. பக்கத்தில் தினேஸ்வரி எண்ணுவது கேட்டது.

"எட்டு... ஒம்பது..."

பதினொன்றில் நிறுத்தினாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். தோள்வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. இத்தனை வருஷம் என் கண் எங்கே போயிருந்தது? காட்டில் எல்லாவற்றையும் எண்ணினேன்.

"எங்கிட்டயும் அவன் எப்பவும் ஒரே அடிதான்னுதான் சொல்வான்," என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அவனை அப்படி 'அவன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எந்தப் பட்டன அமுக்கணும்க்கா? நானே அனுப்புறேன்."

வாய் திறக்க முடியாத நான், விரலால் காட்டினேன்.