பின் சீட்டின் காற்று வழி

“அசோக்கு உங்கிட்ட சொன்னானா, சொல்லலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு பிள்ள.”

சிவபாண்டி அண்ணன் இப்படிக் கேட்டபோது நான் தையல் மெஷினுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒத்தக்கடையில் அவருடைய கார் ஒர்க்‌ஷாப்பில் சீட் கவர் தைப்பது என் வேலை. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு அம்மா கொண்டுவந்து சேர்த்தாள். அதிகம் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்கும் பிடித்திருந்தது.

அசோக்குமார் அண்ணன் அங்கே மெக்கானிக். கோயம்புத்தூர் போய், பெட்ரோல் இஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட் வண்டி வேலை படித்து வந்தவர். அதற்காகவே சிவபாண்டி அண்ணன் அவரை எடுத்திருந்தார். “ஒரு ஹைப்ரிட் வண்டி நம்ம வேலையால கெட்டு வந்துச்சுன்னா, மாப்ள, நீ கெளம்பிர வேண்டியதுதான்” என்று முதல் நாளே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சித்திரையில் ஆர்த்திகா மேடத்தின் ஹைப்ரிட் வண்டி சர்வீசுக்கு வந்தது. மேடம் கல்லூரியில் பாடம் எடுப்பவர். அதற்கு முன் பெட்ரோல் வண்டிதான் வைத்திருந்தார்.

“ஆயில் மாத்துங்க. பிரேக் கட்டையும் மாத்திருங்க, ரெண்டு வருசமாச்சு.”

அசோக்குமார் அண்ணன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். “ஆயில் மாத்தணும் மேடம், இதுலயும் இஞ்சின் இருக்குல்ல. கட்டை பாதிகூடத் தேயலை பாருங்க. நீங்க பிரேக்க மிதிச்சா மோட்டார்தான் மொதல்ல வண்டியப் பிடிக்குது. பெட்ரோல் வண்டின்னா இந்நேரம் தேஞ்சிருக்கும்.”

புது சீட் கவரும் கேட்டிருந்ததால் வண்டி என்னிடம் வந்தது. பின் சீட்டின் ஓரத்தில், உள்ளங்கை அளவில், சல்லடை போல ஒரு காற்று வழி இருந்தது. அண்ணன் குனிந்து அதைத் தட்டிக் காட்டினார்.

“இந்த எடத்துல கவரை வெட்டி விட்டுரு தாயி. பெரிய பேட்டரி இதுக்குப் பின்னாலதான் இருக்கு. பெட்ரோல் வண்டி ஆடு மாதிரி, எங்க கட்டுனாலும் நிக்கும். இது புது மாப்பிள்ள. காத்து வரலைன்னா கோவிச்சுக்கிரும்.”

சிரித்தேன். வெட்டியும் விட்டேன்.

மறுநாள் மேடம் வண்டி எடுக்க வந்தபோது அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். மேடம் அந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

“என்னம்மா இது, எலி கடிச்ச மாதிரி? பிள்ளைக முறுக்குத் தின்னா தூளெல்லாம் உள்ள போகுமே. மூடித் தச்சுரு.”

கூடாது மேடம் என்று சொல்ல வேண்டும். நான் அந்தப் பக்கத்து ரெக்சினைப் பிரித்து, முழுத் துண்டாக வேறு வைத்துத் தைத்தேன். அரை மணி நேரம் ஆனது. வெட்டிய துண்டு குப்பைக்குப் போனது. “இப்ப அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டு மேடம் போனார்.

அண்ணன் திரும்பி வந்ததும் சொல்லியிருக்கலாம். அவர் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்திருந்தார். குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து, மதிய வெயிலில், டி. கல்லுப்பட்டி போகிற ரோட்டில் அந்த வண்டி நின்றுபோனது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பேட்டரி சூடாகிக் கெட்டிருந்தது. அசோக்குமார் அண்ணன் பின் கதவைத் திறந்தார். மூடியிருந்த கவரை விரலால் தடவிப் பார்த்தார்.

“வெட்டச் சொன்னேண்ணே. இந்தப் பிள்ளகிட்டதான் சொன்னேன்.”

அப்போதுதான் சிவபாண்டி அண்ணன் என்னிடம் கேட்டார்.

ஆமாம் என்றால் போதும். ஆனால் அடுத்து, பிறகு ஏன் மூடினாய் என்று கேட்பார். மூடச் சொன்ன மேடம் எதிரிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நோக்கி நான் கையைக் காட்ட வேண்டியிருக்கும்.

“சொல்லு தாயி” என்றார் அசோக்குமார் அண்ணன். ஒரு முறைதான் சொன்னார்.

நான் தையல் மெஷின் சக்கரத்தைப் பார்த்தேன். பயம்கூட வரவில்லை. உடம்பு யாருடையதோ போல இருந்தது. மேடம் தலை நிமிரவில்லை.

“பாத்தியா, உனக்காகப் பொய் சொல்லத் தெரியாம முழிக்குது” என்றார் சிவபாண்டி அண்ணன். “இதுகிட்ட நீ சொல்லவேயில்ல. கோயம்புத்தூர்ல இம்புட்டுத்தான் படிச்சியாக்கும்? நாளைலருந்து வராத.”

அசோக்குமார் அண்ணன் குழாயில் கை கழுவினார். நகக்கண்ணில் இருந்த கறுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வேலைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பைக்கைத் தள்ளியபடி என் மெஷின் அருகே வந்து நின்றார். நான் நிமிர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், மேலூர் ரோட்டில் ஒரு பஸ் கடக்கும்வரை காத்திருந்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.