கூடாரத்தில் ஒரு திடீர்ச் சோதனை

மற்றவர்களுக்குத் தொழில் கையிலோ தலையிலோ இருக்கும். அவளுக்கு மூக்கில் இருந்தது. உணவகங்களுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து சமையலறையை முகர்ந்து பார்க்கும் சுகாதார ஆய்வாளர் அவள். அடுப்புக்குப் பின்னால் அப்பியிருக்கும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு, மாவு மூட்டைக்குள் எலிப் புழுக்கை, அழுகிப்போன மீனை எலுமிச்சைச் சாறு தடவி இன்றைக்குப் பிடித்த மீனாக்கும் ஜாலம், எல்லாம் வாசலில் நிற்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். சமையல்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'மூக்கு மேடம்'. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபமில்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இத்தனை வருடம் குமட்டிக் குமட்டி அவள் கற்ற பாடம் ஒன்றுதான். சொல்லிவிட்டுப் போனால் உலகத்தில் எல்லோரும் சுத்தம். சொல்லாமல் போனால்தான் சட்டியின் அடி தெரியும்.

இப்படிப்பட்டவளிடம் பதிமூன்று வயது மகள் வந்து, சாப்பாட்டு மேசையில், "சனிக்கிழமை ராத்திரி தோட்டத்துல தனியா கூடாரம் போட்டுத் தங்கப்போறேன்" என்றாள். தோட்டம் அப்பாவின் நண்பருடையது. ஊர் எல்லையில், சுற்றிலும் வேலி போட்ட பழத்தோட்டம். வாசலில் ஒரு வீடு, அதில் ஒரு காவல்காரம்மா. இந்த விவரமெல்லாம் அப்பாவும் மகளும் ஏற்கெனவே பேசி முடித்தவை என்பது இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டதிலேயே தெரிந்தது.

"ராத்திரி வயித்தக் கலக்கினா எங்க போவ?" என்று கேட்டாள் அம்மா.

"சின்ன மண்வெட்டி வாங்கியாச்சும்மா. குழி தோண்டிப்பேன். அப்புறம் மண்ணப் போட்டு மூடிடுவேன்."

"குழியா?" அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்குமேல் ஒரு கவளமும் இறங்கவில்லை.

"தோண்டட்டுமே. மனுஷன் பாதி நாள் குழி தோண்டித்தானே வளர்ந்தான்" என்றார் அப்பா. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒரு கம்பியை நம்பிப் பன்னிரண்டு மாடிக்குமேல் தொங்குகிறவருக்கு எதைத்தான் நம்ப முடியாது? எதற்கும் இளிக்கிற அந்த இளிப்பைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகளிடம் குறை சொல்லவும் வழியில்லை. இரண்டு ராத்திரி மொட்டை மாடியில் கூடாரம் போட்டுப் படுத்துப் பார்த்தாயிற்று. அதில் ஒரு ராத்திரி மழை. கீழே வராமல் சமாளித்தாள். அடுப்பைப் பற்றவைக்கவும் அணைக்கவும் தெரியும். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிப்பேன் என்று அம்மா கேட்காமலே சொன்னாள். கடைசி அஸ்திரமாக அம்மா கேட்டாள்: "தெரியாத ஆள் யாராவது வந்தா?"

"உள்ள உக்காந்திருக்க மாட்டேன். கத்தவும் மாட்டேன். வெளக்க அணைச்சிட்டு, பின்பக்கமா நழுவி, காவல்காரம்மா வீட்டுக்கு ஓடிடுவேன். நீ சொல்லிக் கொடுத்ததுதானே."

தான் சொல்லிக்கொடுத்ததையே தன்னிடம் ஒப்பிப்பவளிடம் என்னத்தைச் சொல்வது? அம்மா சரி என்றாள்.

"ஆனா நீங்க யாரும் அங்க வரக் கூடாது. வந்தா அதுக்குப் பேரு தனியா இல்ல. சத்தியம் பண்ணு."

"சத்தியமா வரமாட்டேன்."

கூடாரம் இரவல் வாங்கியது. பிரித்ததும் யாருடைய ஈரச் சாக்ஸோ வருஷக்கணக்கில் அதற்குள் குடித்தனம் நடத்திய நாற்றம். அம்மா அதைக் கிருமிநாசினியில் ஊறவைத்துத் தேய்த்துக் காயவைத்தாள். மூட்டைப்பூச்சி ஒளிந்திருக்குமோ என்று தையல் தையலாகப் பார்த்தாள். சனிக்கிழமை மதியம் அப்பா மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, "சிங்கக்குட்டி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி முன் சாய்ந்துவிட்டார்.

அன்று மாலை அவளுக்கு ஒரு பேக்கரியில் சோதனை. வெளியே பளிங்குத் தரை, கண்ணாடி அலமாரி, பூ ஜாடி. உள்ளே க்ரீம் பாத்திரத்தைக் கரண்டியால் கிளறினாள். அடியிலிருந்து ஒரு பிளாஸ்திரி வந்தது. யாருடைய விரல் காயத்திலிருந்தோ கழன்றது, நடுவில் பழுப்பு நிறக் கறையோடு. இவளுக்கே வாய்க்குள் எச்சில் ஊறி, வாந்தி தொண்டை வரை வந்து நின்றது.

"இன்னிக்குத்தான் மேடம் இப்படி ஆயிடுச்சு. தினமும் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் முதலாளி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

கடைக்கு முத்திரை வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். கண்ணாடி மாதிரி இருக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிப்பேன். எல்லோரும் சொல்லத்தான் சொல்கிறார்கள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் வண்டி திரும்பவில்லை.

வாசல் வழியாகப் போனால் காவல்காரம்மா மகளுக்குச் சொல்லிவிடுவாள். சோதனை என்றால் சோதனைதான். பின்பக்கம் வண்டியை நிறுத்தி, வேலியில் முள்கம்பி தளர்ந்து கிடந்த ஓர் இடுக்கில் உடம்பை நுழைத்தாள். பேக்கரியில் போட்ட வெள்ளை அங்கி, தொப்பி, முகமூடி, கையுறை எதையும் அவள் கழற்றவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. அழுகி விழுந்த பழங்கள் காலடியில் சொதசொதவென்று நசுங்கின. மரங்களுக்கு நடுவில் கூடாரம் தெரிந்தது. உள்ளே வெளிச்சமில்லை. ஜிப்பைத் திறந்து டார்ச்சை அடித்தாள். மகள் இல்லை.

பக்கத்தில் எங்காவது போயிருப்பாள், வருவதற்குள் பார்த்துவிடலாம் என்று தோன்றியதே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை. பழக்க தோஷம். தட்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிசுக்கில்லை. ரொட்டி டப்பா இறுக்க மூடியிருந்தது. தண்ணீர்ப் பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது. முகமூடியை இறக்கிவிட்டுத் துண்டை முகர்ந்தாள். பையைக் கொட்டி, மாற்றுத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். ஒரு குறையும் அகப்படவில்லை. அகப்படாதது எரிச்சலாக இருந்தது.

மிச்சம் ஒன்றுதான். கூடாரத்திலிருந்து தள்ளி, புதிதாகக் கொத்திய மண் தெரிந்தது. மூடுவேன் என்று சொன்னாளே, எவ்வளவு ஆழத்தில் மூடினாள்? மேலாக மூடினால் ஈ மொய்க்குமே. ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணைக் கிளறினாள். ஆழமாகத்தான் இருந்தது. இன்னும் கிளறினாள். குச்சி நுனியில் வந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள்.

பின்னாலிருந்து பெரிய வெளிச்சம் ஒன்று முதுகில் விழுந்தது.

"குச்சியக் கீழ போடு. எழுந்திரு" என்றது ஒரு பெண் குரல். திரும்பினாள். காவல்காரம்மா, ஓங்கிய தடியோடு. அவள் பின்னால் மகள்.

"அம்மா?"

காவல்காரம்மா தடியை இறக்கினாள். குழியைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்லடா... ஆழம் போதுமான்னு..." என்று ஆரம்பித்தாள். ஊரையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்தவள், பெற்ற மகளின் மலத்தைக் குச்சியில் ஏந்திக்கொண்டு நின்றாள். க்ரீமுக்குள் கிடந்த அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தபோது வந்த குமட்டல் இதில் பாதிகூட இல்லை. சீ என்று இருந்தது. தன் கையையே தொடப் பிடிக்கவில்லை.

மகள் அழவில்லை.

"காலடிச் சத்தம் கேட்டுச்சு. நீ சொன்ன மாதிரியே பின்பக்கமா வெளிய வந்து செடிக்குப் பின்னாடி உக்காந்துட்டேன். கூடாரத் துணியில நெழல் தெரிஞ்சுது. யாரோ ஒரு ஆளு என் துணிய எடுத்து எடுத்து மோந்து பாக்குறான். அங்கேருந்து இவங்க வீட்டுக்கு ஓடினேன். அப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? அம்மா இப்ப வந்துட்டா நல்லா இருக்குமேன்னு நெனச்சேன்."

அம்மா குச்சியைக் கீழே போட்டாள்.

"தப்புதான்" என்றாள் அம்மா. "தப்புதாண்டா. வா, வீட்டுக்குப் போகலாம்."

"நான் எதுக்கு வரணும்? நான் எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்."

சரியாகத்தான் செய்திருந்தாள். ஒன்றுவிடாமல் சோதித்துப் பார்த்தவளுக்குத் தெரியாதா?

"எந்த வழியா வந்த?" என்று கேட்டாள் மகள். அம்மா காட்டினாள். மூவரும் வேலிக்கு நடந்தார்கள். "இந்த ஓட்டை இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே" என்று காவல்காரம்மா தனக்குள் முணுமுணுத்தாள். மகள் இடுக்கைக் குனிந்து பார்த்தாள்.

"வந்த வழியாவே போம்மா. நாங்க இத அடைக்கணும்."

அம்மா ஒருக்களித்து வெளியே வந்தாள். அங்கி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. உள்ளே அவர்கள் இருவரும் கம்பியை இழுத்துக் கட்டி, காய்ந்த முள் கிளைகளைக் கொண்டுவந்து திணித்தார்கள். அம்மா போகாமல் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மகளின் முகம் கிளைகளுக்குள் மறைந்து, குரல் மட்டும் வந்தது.

"அங்கேருந்து பாத்துச் சொல்லும்மா. இன்னும் ஆள் நுழையற அளவுக்கு எடம் இருக்கா?"

அவள் மண்டியிட்டு டார்ச்சை அடித்துப் பார்த்தாள். இடப்பக்கம், தரையை ஒட்டி, ஓர் உடம்பு நுழைய இடம் இருந்தது.

"இருக்கு" என்றாள். "இடப்பக்கம், கீழ. அங்க இன்னும் ரெண்டு கிளை வை."