பஸ் எரியாத தெரு

கணக்கெடுப்பு ஆபீசில் அன்று ஒரே கொண்டாட்டம். புருஷன் பெண்டாட்டியை அடிப்பது எந்த நாட்டில் எவ்வளவு என்று ஒரு பட்டியல் வரப்போகிறது. அதில் நம் நாடுதான் ஆகக் கடைசி. டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"நூத்துக்கு ஒண்ணு! பக்கத்து நாட்டுல முப்பதாம்! இதுல கடைசின்னா முதல்னு அர்த்தம்!" என்று கேக்கை வெட்டினார்.

கேக்கைத் தொடாத ஒரே ஆள் கேள்விக்காரி. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறவள் என்பதால் அந்தப் பெயர். அவள் தங்கை தையல்காரி. போன வாரம் துணி அளக்கக் கை நீட்டியபோது தங்கையின் மணிக்கட்டில் நான்கு நீலத் தடம். கதவில் இடித்துக்கொண்டாளாம். கதவுக்கு எப்போதிருந்து விரல் முளைத்ததோ!

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போய்ப் படிவத்தைப் படித்துக் காட்டினாள். "வீட்டில் வன்முறைக்கு ஆளானதுண்டா?"

தங்கை சிரித்துவிட்டாள். "வன்முறையா? எங்க தெருவுல என்னிக்குக்கா பஸ்ஸை எரிச்சாங்க?"

கேள்விக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். பாழாய்ப்போன அந்தச் சொல் செய்தியில் வருகிற சொல். எவள் அதை அடுப்படியில் பேசுகிறாள்? ஊரே பஸ்ஸை நினைத்துக்கொண்டு 'இல்லை' என்று சொல்லியிருக்கிறது.

மறுநாள் டைரக்டரிடம் போய் நின்றாள். "சார், நாம கேட்ட விதமே தப்பு."

"நல்லா வந்த நம்பர்ல கை வைக்காதம்மா!"

"கை வச்சதைத்தான் சார் எண்ணச் சொல்றேன்."

டைரக்டர் பழைய படிவத்தை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்த்தார். மனுஷர் கெட்டவர் இல்லை, கேக் ஆசை அவ்வளவுதான். "பத்து வீட்டுல ஒத்திகை பார்த்துட்டு வா. அதுவரைக்கும் நம்பரை அனுப்பல," என்றார்.

புதுப் படிவத்தில் பெரிய சொல் எதுவும் இல்லை. கை நீட்டினதுண்டா? பிடித்துத் தள்ளினதுண்டா? கையை முறுக்கினதுண்டா? ஒன்பது வீட்டில் நான்கு வீடு 'உண்டு' என்றது. "இப்படி மனுஷ பாஷையில கேட்டா சொல்ல மாட்டோமா?" என்று ஒரு அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

பத்தாவது வீடு தங்கையுடையது. உறவுக்காரர்களைக் கேட்கக் கூடாது என்று விதி. விதி கிடக்கட்டும், கூடப்பிறந்தவள் முக்கியம். படிவத்தைத் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தைத்துக்கொண்டே படித்த தங்கையின் கால் மூன்றாவது கேள்வியில் நின்றது.

"இதுவும் கணக்குல வருமாக்கா?"

"வரும்."

"எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதானேன்னு இருந்துட்டேன்."

"ஒம்பது வீடு கேட்டேன்டி. அஞ்சு வீட்டுல நடக்கல."

"அஞ்சு வீட்டுலயா?" தங்கை அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகு துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து மூன்று 'உண்டு'க்கும் அடியில் கோடு இழுத்தாள். கேள்விக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மெஷினோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு முழுக்கத் துணித் துண்டும் பாட்டும்தான். அவள் புருஷன் வாசலில் வந்து நின்று, "ஏதோ ஒரு தடவை கோபத்துல..." என்று ஆரம்பித்தான்.

"பதினேழு தடவை!" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள் தங்கை. எண்ணப் பழகிவிட்டாள் அல்லவா! அவன் வந்த வழியே போனான்.

நாடு முழுக்க மறுபடி கேட்டார்கள். பட்டியல் வந்தது. நாடு கடைசியிலிருந்து நழுவி நட்டநடுவில் நின்றது. டைரக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தங்கை கேக்கோடு ஆபீசுக்குள் நுழைந்தாள்.

"நாட்டோட மானம் போனதுல என் பங்கும் உண்டாக்கா?"

"யார் என்ன சொன்னாங்கன்னு விதிப்படி வெளியில சொல்லக் கூடாது," என்று கண்ணடித்தாள் அக்கா.

"அப்போ இந்தத் தடவை நான் வெட்டுறேன்."

கேள்விக்காரி இரண்டு துண்டு சாப்பிட்டாள்.