ஏழாவது பெயர்

"ஆல்டர்வின் அண்ணனுக்கு மீசை உண்டா, சார்?"

தொலைபேசியில் இந்தக் கேள்வி வந்தபோது வெர்லின் ஆஸ்ட்பி ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். கரண்டி நின்றது. கஞ்சி அடிப்பிடித்தது.

"யாரு பேசறது?"

"மாத்தியோ சலாஸ், சார். ஹார்லோ காலேஜ், பேக்கரி வீடு. இந்த வருஷம் நான்தான் வரலாற்றுச் செயலாளர். நூறாவது ஆண்டு விழாவுக்கு நம்ம ஏழு பெரியவங்க படத்தையும் வரைஞ்சு மாட்டறோம். ஆறு பேருக்கு போட்டோ இருக்கு. ஆரின் ஆல்டர்வினுக்கு மட்டும் ஒண்ணுமே கிடைக்கல. பழைய நோட்டு எழுபத்து நாலுலேர்ந்துதான் இருக்கு, அதுல அவர் பேரு முதல்ல வர்றது உங்க ஒப்பிப்புல. அதான், உங்களுக்கு அவரை நேர்ல தெரிஞ்சிருக்குமோன்னு…"

"சனிக்கிழமைதானே விழா? நான் வெள்ளிக்கிழமையே வந்துடறேன்."

"அப்ப மீசை?"

"வந்து சொல்றேன் தம்பி."

ஆல்டர்வினுக்கு மீசை இல்லை. மீசை வைக்க முகமும் இல்லை. அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை என்பது, வெர்லினுக்குத் தெரிந்தவரை, உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

பேக்கரி வீடு என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் வழக்கமான ஒரு மாணவர் சகோதர மன்றம். மன்றத்தின் முறைப்பெயராக வாசலில் மூன்று கிரேக்க எழுத்துகள் உண்டு. ஆனால் ஊரில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. 1924 குளிர்காலத்தில் கல்லூரி விடுதி தீப்பற்றி எரிந்தது. போக்கிடம் இல்லாத ஐந்து பையன்கள் கடைத்தெருவில் ஒரு ரொட்டிக் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். கீழே அடுப்பு எரிய, மேலே தரை சூடாக இருந்தது. அந்த ஆண்டு ஊரிலேயே வெதுவெதுப்பாகத் தூங்கியவர்கள் அவர்கள்தான். வசந்தத்தில் ஒரு மன்றம் தொடங்கி, சின்னமாக ஒரு ரொட்டியை வரைந்து, ஒரு ரொட்டியை ஐந்தாகப் பிய்த்துத் தின்று உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு சொந்த வீடு வந்தது. ரொட்டி அப்படியே நின்றது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன் எவனும் மற்றவனுக்கு அண்ணன், இருபது வயதானாலும் எழுபதானாலும்.

உள்ளே வர இரண்டு வாசல்: உறுப்பினர்களின் ரகசிய வாக்கு, பிறகு ஒப்பிப்பு. சேர வருபவன் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடிக்க வேண்டும். அது விரலைச் சுடுவதற்குள் வீட்டிலிருந்து போய்ப் பேரெடுத்த ஏழு பேரை வரிசையாகச் சொல்லி முடிக்க வேண்டும். மறந்துவிட்டால் அதற்கும் வழி இருந்தது. "தெரியாது அண்ணே, தேடிச் சொல்றேன்" என்று சொல்லலாம். தண்டனை ஒரு வாரம் பாத்திரம் கழுவுவது. ஆனால் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ஒப்பிப்பில் பொய் சொன்னவன் நம்மவன் அல்லன்.

எழுபத்து நாலில் வெர்லின் சோளக்காட்டிலிருந்து வந்த பையன். தன்னை மண்டு என்று நினைக்க எல்லாரும் தயாராக இருக்கிறார்கள் என்று அவனுக்கு ஒரு எண்ணம். அந்த ஆண்டு சேர வந்தது அவன் ஒருவன்தான்; ஒப்பிப்பைத் தனியாகக் கேட்டவர் ஹார்லன் ப்ரூயிட், மூன்றாம் ஆண்டு மாணவர். ஆறு பெயர்களை வெர்லின் கடகடவென்று சொன்னான். ஏழாவது வரவில்லை. தீ இறங்கியது. ஹார்லனின் தலைக்குப் பின்னால் பழைய பியானோ. அதன் நெற்றியில் தங்க எழுத்தில் செய்தவன் பெயர்: ஆல்டர்வின்.

"ஆரின் ஆல்டர்வின், 1931. ஆட்டத் திடல்ல மடக்குற இருக்கையைக் கண்டுபிடிச்சவர்."

ஹார்லன் ஒரு கணம் பார்த்தார். குச்சியை ஊதி அணைத்தார். "சரி. போடா, நீ நம்மவன்."

மறுநாள் காலை பல் துலக்கும்போது உண்மையான ஏழாவது பெயர் நினைவுக்கு வந்தது. டாக்டர் லூதர் குவாம். பனிப்புயலில் பாதை மூடிய நாட்களில், தண்டவாளத்தில் கைத்தள்ளு வண்டி ஓட்டிப்போய்ப் பண்ணை வீடுகளில் பிரசவம் பார்த்தவர். வெர்லின் வாயைக் கொப்பளித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஏழு பெயரும் வாய்வழியாகவே இறங்கி வந்தவை. போன வருடம் சேர்ந்தவன் இந்த வருடம் சேர்பவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அடுத்த ஆண்டுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை வெர்லினுடையது. தான் ஒப்பித்ததை மாற்றிச் சொன்னால் குட்டு உடையும். ஆகவே ஆல்டர்வின் இறங்கினார், குவாம் நின்றுவிட்டார். ஆல்டர்வினுக்குக் கைகால் முளைத்தன. ஒருவன் அவருக்கு நொண்டிக் கால் கொடுத்தான். இன்னொருவன் பீட்ரூட் ஊறுகாயில் ஆசை வைத்தான். தொண்ணூறுகளில் நவம்பரில் ஒரு நாளை அவர் பிறந்த நாளாக்கி, எல்லாரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பீட்ரூட் தின்னும் வழக்கம் வந்தது.

வெர்லின் நாற்பது வருடம் மாவட்ட நில அளவையாளராக இருந்தார். நில எல்லையின் மூலைக்கல் ஓர் அடி தள்ளிக் கிடந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. தான் நட்ட பொய்க்கல் ஒன்று மட்டும் ஹார்லோவில் நின்றுகொண்டிருந்தது. இப்போது அதற்கு வர்ணம் பூசிப் படமும் மாட்டப்போகிறார்கள். வாயைத் திறந்தால் ஐம்பது வருட அண்ணன்களை இழக்க வேண்டும். திறக்காவிட்டால் குவாம் டாக்டர் இனி எழுந்திருக்கவே மாட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடு இரைந்தது. பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரக் குழம்பு ஒரு அண்டா, அதோடு பட்டைத்தூள் தூவிய இனிப்புச் சுருள் ரொட்டி. ஹார்லன் ப்ரூயிட் நடுவில் உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்க மாட்டுச் சந்தையில் ஏலம் கூவியவர். குரல் இன்னும் இறங்கவில்லை.

"டேய் வெர்லின்! என்னடா, அளவு சங்கிலி மாதிரி இளைச்சுட்ட!"

"நீங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து வளர்ந்திருக்கீங்களே அண்ணே."

மாத்தியோ ஓவியத்தைத் தூக்கி வந்தான். சுவரில் சாய்த்தான். கனிந்த கண், லேசான சிரிப்பு, மேலுதட்டில் மட்டும் ஓவியத் துணி வெள்ளையாக விடப்பட்டிருந்தது.

"மீசைக்கு இடம் விட்டிருக்கோம் அண்ணே. சொல்லுங்க."

வெர்லின் அந்த முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதராகத் தெரிந்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தலைவரைக் கூப்பிடு தம்பி. எல்லாரும் இருக்கும்போது சொல்லணும்."

தலைவன் கோல்பி, இருபத்தோரு வயது, வாயில் ரொட்டியோடு வந்தான். வெர்லின் எழுந்து நின்று சொன்னார். குச்சி, பியானோ, பல் துலக்கியது, எதையும் விடவில்லை. யாரும் குழம்பைத் தொடவில்லை. பின்வரிசையில் ஒருவன் மட்டும் முனகினான்: "அப்ப நாலு வருஷமா நான் எதுக்குடா பீட்ரூட் தின்னேன்?"

சிரிப்பு எழுந்து அடங்கியது.

"அண்ணே," என்றான் கோல்பி, "இதுக்குப் போய்… ஐம்பது வருஷம் ஆச்சு. பக்கத்துல பக்கத்துல இருக்கறவங்க தப்பான கல்லைப் பார்த்து வேலி போட்டு, ரொம்ப வருஷம் ஒத்துக்கிட்டு இருந்துட்டா, அப்புறம் அதுதான் எல்லைன்னு சட்டமே சொல்லுதாமே. எங்கப்பா வக்கீல்."

"சொல்லுது. ரெண்டு பக்கத்துக்காரனும் சம்மதிச்சிருந்தா. குவாமை யாரு கேட்டா? முதல் பக்கத்து வரியைப் படி தம்பி. நான் நம்மவன் இல்ல. வேணும்னா என்னைப் புதுசா வாக்கெடுப்புல நிறுத்து. இல்லன்னா கிளம்பறேன்."

வாக்குப்பெட்டி வந்தது. கை நுழையும் அளவு மரப்பெட்டி அது. பெட்டியின் முன்னறையில் வெள்ளை உருண்டைகளும் கறுப்புக் கட்டைகளும் கலந்து கிடக்கும். பின்னறைக்கு ஒரு துளை. கையை உள்ளே விட்டு ஒன்றை எடுத்துத் துளையில் தள்ள வேண்டும். உள்ளே போன கை என்ன எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. உருண்டை என்றால் சம்மதம். கறுப்பை உருண்டையாகச் செய்யாமல் சதுரமாகச் செய்தது ஏன் என்றால், கண் பார்க்காத இடத்தில் விரல் ஏமாறக் கூடாது. ஒரே ஒரு சதுரம் விழுந்தாலும் ஆள் வெளியே.

வெர்லின் தாழ்வாரத்தில் நின்றார். ஐம்பது கைகள் உள்ளே போய்வந்தன. கோல்பி கதவைத் திறந்தபோது அவன் முகமே சொல்லிவிட்டது.

"நாப்பத்தொன்பது வெள்ளை. ஒரு கட்டை."

வெர்லின் தலையை ஆட்டினார். தொப்பியை எடுக்கக் கையை நீட்டினார்.

"எங்கடா போற? நில்லுடா!" ஏலக் குரல் கூடத்தையே உலுக்கியது. ஹார்லன் நாற்காலியைத் தள்ளி எழுந்தார். "கட்டை என்னோடது. வேணும்னுதான் போட்டேன். ஆனா இவனுக்கு எதிரா இல்ல, நானும் கூட நிக்காம இவனுக்கு மட்டும் வாக்கு எடுக்கறது நியாயமில்லன்னு. இவன் வெளியன்னா நானும் வெளிய."

"நீங்க ஏன் அண்ணே?" என்றான் கோல்பி.

"அந்தப் பியானோவை ரெண்டு வருஷம் துடைச்சவன்டா நான். அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதா? இவன் வாயைத் திறந்ததுமே புரிஞ்சு போச்சு."

வெர்லின் தொப்பிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "தெரிஞ்சே 'சரி'ன்னு சொன்னீங்களா?"

"என்ன பண்ணச் சொல்ற? தப்புன்னா, அப்ப சரியானது எதுன்னு நீ கேட்டிருப்ப. எனக்கும் ஏழாவது பேரு ஞாபகம் வரலடா!"

கூடம் வெடித்தது. ஒருவன் மேசையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். ஹார்லன் மட்டும் சிரிக்கவில்லை. காது மடல் வரை சிவந்து நின்றார்.

"ஐம்பது வருஷமா உங்களுக்குப் பயந்துகிட்டு இருந்தேன் அண்ணே," என்றார் வெர்லின்.

"நான் உனக்குப் பயந்துகிட்டு இருந்தேன். ஒவ்வொரு சந்திப்புலயும் நீ கிட்ட வந்தா, கேட்டுடுவானோன்னு ஏலக் கதை சொல்ல ஆரம்பிச்சுடுவேன். கவனிச்சதில்ல?"

"மாட்டுக் கதை பிடிக்கும்னு நினைச்சேன்."

கோல்பி இருவரையும் சமையலறைக்கு அனுப்பினான். "ரெண்டு பேருக்கும் சேர்த்து மறுபடி வாக்கு. உள்ள எச்சித் தட்டு குவிஞ்சு கிடக்கு; சும்மா நிக்காதீங்க." வெர்லின் தேய்க்க, ஹார்லன் துடைத்தார். பத்துத் தட்டு ஆவதற்குள் கதவு திறந்தது. நாற்பத்தொன்பதும் வெள்ளை.

"ஆனா புதுசா சேர்றவன் ஒப்பிக்கணும்," என்றான் மாத்தியோ. கையில் தீப்பெட்டி இருந்தது. "வெர்லின் அண்ணன் முதல்ல."

அதே கூடம். அதே இடம். வெர்லின் குச்சியைக் கிழித்தார். நீதிபதி ஹோல்கம். அஞ்சல் விமானி ராய்ஸ். பாலம் கட்டிய டிங்லர். பேராயர் ஓல்சன். பிறகு நின்றது. குவாம் தயாராக நாக்கு நுனியில் இருந்தார். வழியெல்லாம் காரில் சொல்லிக்கொண்டே வந்த பெயர். ஆனால் ஐந்தாவது யார்? தீ இறங்கியது. அவர் கண் தன்னை அறியாமல் பியானோவின் பக்கம் போனது.

ஐம்பது தலைகளும் பியானோவின் பக்கம் திரும்பின. மாத்தியோ ஓடிப்போய் அந்தத் தங்க எழுத்தின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

வெர்லின் குச்சியை ஊதினார். இருபத்தோரு வயதுக் கோல்பியை நேராகப் பார்த்தார்.

"தெரியாது அண்ணே. தேடிச் சொல்றேன்."

எழுந்த கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹார்லன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏலத்தில் கடைசி விலைக்குக் கூவுவதுபோல எதையோ கூவினார். அவர் முறை வந்தபோது, மூன்றாவதிலேயே மாட்டிக்கொண்டு அதே வாக்கியத்தைச் சொன்னார்.

மறுநாள் விழாவில் குவாம் டாக்டரின் பெயர் ஏழாவது படத்துக்கான பித்தளைத் தகட்டில் ஏறியது. படம் பிறகு வரும். மீசையில்லாத அந்த ஓவியத்தைப் பையன்கள் பியானோவுக்கு மேல் மாட்டினார்கள். பீட்ரூட் நாள் வழக்கத்தை நிறுத்துவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. ஒரே சுற்றில் தோற்றது.

இருவரும் ஒரு வாரம் ஊரிலேயே தங்கினார்கள். தண்டனை என்றால் தண்டனைதான்.

"டேய்," என்றார் ஹார்லன் மூன்றாம் நாள், ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த அஞ்சாவது யாருடா? கண்ணாடி இல்லாம சுவர்ப் படத்துல பேரு தெரியல."

"அதான் தேடிச் சொல்றேன்னு சொல்லியிருக்கேனே," என்றார் வெர்லின். "அண்டாவைப் பிடிங்க, கனமா இருக்கு."