பதினெட்டாம் பக்கமும் பத்தொன்பதாம் பக்கமும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் பிறந்தது. பிறந்தபோது அதற்குப் பல் இல்லை. (இந்த வரியை எடுத்துவிடச் சொல்லி என் மனைவி கோடு போட்டிருக்கிறாள். கோட்டை எடுத்துவிட்டேன்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டர் வைத்தியம் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் ஏழெட்டுப் பேர் அங்கே கூடி உலக ராலி சாம்பியன்ஷிப்பைப் பற்றிப் பேசுவோம். மீதி நாட்களில் அதே சண்டை போன் குழுவில் நடக்கும். ராலி தெரியாதவர்களுக்கு: காடு, மலை, பனி, புழுதி என்று எந்தப் பாதையானாலும் கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டி போடும். ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர், முன்பே எழுதி வைத்த நோட்டைப் பார்த்து அடுத்த வளைவு எப்படிப்பட்டது என்று கத்திக்கொண்டே வருவார். ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எண் உண்டு, எண் குறையக் குறைய வளைவு மோசம். ஓட்டுபவர் தன் கண்ணைவிடப் பக்கத்தில் இருப்பவரின் வாயை நம்ப வேண்டும். கல்யாணம் மாதிரிதான். இதில் தலைக்கவசம் தருவார்கள்.

எங்களில் ஒருவர்கூட உலக ராலியை நேரில் பார்த்ததில்லை. அதனால் எங்கள் கருத்துகளில் தூசி படிந்ததே இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘குளத்தின் மேல் கார் பறந்துகொண்டிருந்தபோது மணி சரியாகப் பத்து இருபது, நான் கீழே பார்த்து—’

[கைவிடப்பட்டது. ஏனென்று மூன்றாம் பகுதியில் தெரியும்.]

இரண்டாவது தொடக்கம்: ‘மனித வாழ்க்கையே ஒரு வளைவு—’

[கைவிடப்பட்டது. நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். எனக்கு மேலே, கீழே, நடுவில் மாட்டிக்கொள்வது ஆகிய மூன்றும்தான் தெரியும்.]

ஆகவே செய்தியிலிருந்து தொடங்குகிறேன். அந்த வாரச் செய்தி: முதலிடத்தில் இருந்த ஜோடி, நேரம் பதியும் சாவடிக்குள் ஒரு நிமிடம் முன்னதாகவே நுழைந்துவிட்டது. தாமதமாக வந்தால் நிமிடத்துக்குப் பத்து வினாடிதான் தண்டனை. சீக்கிரம் வந்தால் நிமிடத்துக்கு ஒரு முழு நிமிடம். கோப்பை போயிற்று.

“சீக்கிரம் வந்தவனுக்கு அறுபது, லேட்டா வந்தவனுக்குப் பத்தா?” என்றார் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மா. “இந்த விதியை எழுதினவன் எங்கயோ சர்க்கார் ஆபீஸ்ல இருந்திருக்கணும்.”

“விதி சொத்தைப் பல்லு மாதிரிம்மா,” என்றார் டாக்டர், பைண்டு செய்த விதிப்புத்தகத்தைத் தடவியபடி. “பிடிக்கலைன்னா இல்லாம போயிடாது.”

(டாக்டரைப் படைத்ததில் எனக்குத் திருப்தி இல்லை. இன்னும் கொஞ்சம் கெட்டவராக எழுதியிருக்கலாம். ஆனால் என் கீழ்வரிசைப் பல் நான்கு அவர் கட்டியது.)

“அப்போ தப்பு யாரோடது?” என்றது ஒரு குரல். “ஓட்டினவனா, பக்கத்துல உக்காந்தவனா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்திலேயே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான். பிறகு மூலையில் இருந்த என் மச்சினனைப் பார்த்தார்கள். ஓட்டியவன் அவன். அந்தக் கதையைச் சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். நாற்பத்தோராவது முறையாக.

3

நடந்தது இவ்வளவுதான். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஓர் உள்ளூர் ராலியில், என் மனைவியின் தம்பி ஓட்ட, நான் நோட்டுப் படிக்க, வலப்பக்கம் திரும்ப வேண்டிய கார் திரும்பாமல் குளத்துக்குள் போயிற்று.

நான் சொல்வது கொஞ்சம் நீளம். கார் எட்டு வினாடி பறந்தது. கீழே குளித்துக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்து வண்டி எண்ணைச் சத்தமாகப் படித்தார். தண்ணீரில் இறங்கியபோது பின் இருக்கையில் ஒரு வாத்து உட்கார்ந்திருந்தது, முட்டையோடு. சாவடியில் முத்திரை வாங்க வேண்டிய நேர அட்டையை நீட்டினேன். வாத்து தன் காலை வைத்து முத்திரை போட்டுக் கொடுத்தது.*

“‘வலது ரெண்டு, வலது ரெண்டு’ன்னு தொண்டை கிழியக் கத்தறேன். துரை காதுல வாங்கினாத்தானே!”

சிரிப்பு. அதனால்தான் குழுவில் அவனுக்குக் குளத்தார் என்று பெயர். எனக்கு ஆகாசம். ஆகாசப்புளுகு என்பதன் மரியாதைச் சுருக்கம்.

அவன் இப்போது ஓட்டுவது அமரர் ஊர்தி. இருபத்தாறு வருடத்தில் பயணிகளில் ஒருவர்கூட வேகத்தைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

ஆனால் டாக்டரிடம் ஒரு பழைய ராலி கார் இருக்கிறது. பழைய கார்களுக்கான பந்தயம் அடுத்த மாதம். டாக்டருக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதால் வேறு யாராவது ஓட்ட வேண்டும். மூன்று வாரமாக வேலை முடிந்ததும் நேரே போய் அந்தக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான் என் மச்சினன். கேட்கவில்லை. துடைத்தான், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் கேட்டான்.

“டாக்டர், வண்டிக்கு யாருன்னு…”

“டிரைவிங் ஸ்கூல் அம்மா ஓட்டட்டும்ப்பா. உனக்குத்தான் நோட்டு காதுல ஏறாதே. உங்க மாமாவே சொல்றாரு.”

“ரூட்ல குளம் இருக்கா டாக்டர்?” என்றது இன்னொரு குரல்.

“சரிங்க டாக்டர்,” என்று எழுந்தான் மச்சினன். போகும்போது நாற்காலியை நேராக்கி வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் எல்லோர் போனிலும் ஒரு வரி: ‘குளத்தார் வெளியேறினார்.’

* வாத்து மூன்றாவது வருடத்தில்தான் கதையில் சேர்ந்தது. முட்டை ஏழாவது வருடத்தில்.

5

நான்காம் பகுதி எங்கே என்று தேடாதீர்கள். வரும். இப்போதைக்கு நேர், முந்நூறு.

“என் தம்பி இந்த வாரம் வீட்டுப் பக்கமே வரலை,” என்றாள் மனைவி.

“பசிச்சா வருவான்.”

“நீங்க அளக்கறது எனக்குப் பழகிடுச்சு. அவனுக்கும் பழகணும்னு உங்க டாக்டர் புஸ்தகத்துல விதி இருக்கா?”

“அட, அது கதைதானே?”

“வாத்து கதை. காதுல வாங்கலைங்கறீங்களே, அதுவும் கதையா?”

நான் பரணைப் பார்த்தேன். அங்கே ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவில் அந்த நோட்டு.

“ஓஹோ,” என்றாள். ஒரு சொல்தான். அதைவிட நீளமாக இந்தக் கதையில் யாரும் பேசவில்லை.

4

இதைத்தான் தாண்டிவிட்டேன்.

அன்று இடைநிறுத்தத்தில் ரொட்டியும் ஜாமும் தின்றேன். கையைக் கழுவவில்லை. அந்த விரலோடு நோட்டைப் புரட்டிச் சரிபார்த்தேன். பந்தயத்தில் பதினேழாம் பக்கக் கடைசி வரியைப் படித்தேன்: ‘நேர், இருநூறு.’ திருப்பினேன். அடுத்த வரி: ‘நேர், முந்நூறு, முழு வேகம்.’ அப்படியே கத்தினேன். அது இருபதாம் பக்கம். பதினெட்டும் பத்தொன்பதும் ஜாமில் ஒட்டிக்கொண்டு என் கட்டைவிரலுக்கடியில் போய்விட்டன.

அவன் காதில் வாங்கினான். அதுதான் விபத்து.

தண்ணீரிலிருந்து தலையை வெளியே நீட்டியதும், அவன் கேட்பதற்கு முன் நான் கேட்டேன்: “ஏன்டா திரும்பலை? வலது ரெண்டுன்னேனே!”

“சொன்னீங்களா மாமா? கேக்கலையே,” என்றான்.

மறுவாரம் காது டாக்டரிடம் போய் வந்தான். காது நன்றாக இருந்தது. அதன் பிறகு பந்தயக் காரில் அவன் ஏறவில்லை.

6

அடுத்த ஞாயிறு டப்பாவோடு போனேன். மனைவி தம்பியை வலுக்கட்டாயமாகக் கூட்டி வந்திருந்தாள். நான்காம் பகுதியை அப்படியே சொன்னேன், வாத்து இல்லாமல். முடித்தேன். சிரிப்பில் அறையே அதிர்ந்தது.

“ஜாமாம்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் டிரைவிங் ஸ்கூல் அம்மா. “வாத்தைவிட இது நல்லா இருக்கு, ஆகாசம்!”

“இது நிஜம்மா.”

“வாத்தும் நிஜம்னுதான் சொன்னீங்க.”

டாக்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “தற்காலிக முடிவைப் பலகையில ஒட்டின முப்பது நிமிஷத்துக்குள்ள எதிர்ப்பு கொடுத்திருக்கணும். நீங்க முப்பத்தொரு வருஷம் லேட்.”

“தாமதத்துக்குப் பத்து வினாடிதானே டாக்டர்?”

“அது சாவடிக்கு. மனசாட்சிக்கு விதி எழுதலை.”

என் மச்சினன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

“எனக்காக ஒரு பொய் சொல்லணும்னு தோணுச்சே மாமா. அது போதும்.”

வாசகரே, நாற்பத்தொரு பொய்க்குக் கைதட்டல் வாங்கியவன் நான். ஒரே ஓர் உண்மைக்கு எனக்குக் கிடைத்தது மன்னிப்பு. அதுவும் தப்பான குற்றத்துக்கு.

நோட்டை மேசைமேல் வைத்தேன். பதினெட்டும் பத்தொன்பதும் இன்னும் ஒட்டித்தான் இருந்தன.

“குளத்துல விழுந்த நோட்டு ஒட்டாம என்ன செய்யும்?” என்றார் டாக்டர். ஆனால் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். மற்றப் பக்கங்களில் மை கரைந்து எல்லாம் ஒரே நீலம். பென்சிலில் போட்ட பக்க எண்கள் மட்டும் பிழைத்திருந்தன. பென்சிலுக்கு நீந்தத் தெரியும். “ஒண்ணு செய்யலாம். பிரிச்சுப் பாக்கலாம். உள்ள மை கரைஞ்சிருந்தா, தண்ணி போன பிறகு ஒட்டினது. இவர் புளுகறார். எழுத்து அப்படியே இருந்து, அதுல வலது ரெண்டும் இருந்தா, விழறதுக்கு முன்னாடியே ஒட்டினது. இவர் சொல்றது நிஜம். வண்டிச் சாவி குளத்தாருக்கு.”

பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் மெல்லிய கருவியை எடுத்துப் பக்கங்களின் ஓரத்தில் வைத்தார்.

(இங்கே ஓர் ஒப்புதல். அந்தக் கருவியைப் பார்த்ததும் ஜாம் எந்த வருடத்தில் கதைக்குள் வந்தது என்று யோசித்தேன். வாத்து சேர்ந்த வருடம் தெரியும், முட்டை சேர்ந்த வருடம் தெரியும். ஜாம் சேர்ந்த வருடம்தான் எனக்குத் தெரியவில்லை. அது முதல் நாளே இருந்திருக்கலாம். அல்லது போன செவ்வாய்க்கிழமை, மனைவி ‘ஓஹோ’ என்றபோது—)

“டாக்டர், நிறுத்துங்க,” என்றான் மச்சினன்.

7

அவன் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

“உள்ள மை கரைஞ்சிருந்தா எனக்கு வண்டி கிடையாது. ஆனா எனக்காகப் பொய் சொன்ன மாமா ஒருத்தர் இருக்கார். கரையலைன்னா எனக்கு வண்டி உண்டு. ஆனா முப்பத்தொரு வருஷமா என்னைக் குளத்துலயே உக்கார வெச்ச மாமாவும் இவர்தான். எது வேணும்னு எனக்குத் தெரியலை டாக்டர். வண்டியும் வேணும்.”

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்க்காமல், என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

முதல் முடிவு எழுதினேன்: எழுத்து பளிச்சென்று இருந்தது, அவன் ஓட்டினான், நான் தனியாக— [அடித்துவிட்டேன்.] இரண்டாவது முடிவு: எல்லாம் நீலம், அவன் என்னைக் கட்டிக்கொண்டான், கார் அம்மாவோடு— [இதையும் அடித்துவிட்டேன்.] மூன்றாவதில் வாத்து வந்தது. அதை மனைவி அடித்தாள்.

கடைசியில் டாக்டர்தான் தீர்ப்புச் சொன்னார். எங்களை அறியாத ஒருவர்தான் நடுவராக இருந்து பிரிக்க வேண்டும். அதுவரை சாவி ஆணியில் தொங்கும், நோட்டை யாரும் தொடக் கூடாது. சம்மதம் என்றான் மச்சினன். இன்று காலைகூட அந்தக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எங்களை அறியாதவர் என்று எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆகவே பிரியுங்கள். நோட்டு எங்கே என்று கேட்காதீர்கள், இதுவரை வந்துவிட்டீர்கள், உங்கள் கட்டைவிரலுக்கடியில்தான் இருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். நான் அதற்கும் ஒரு முட்டை சேர்த்துவிடுவேன். நேரே அவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

அவசரப்படாதீர்கள். சீக்கிரம் போனால் நிமிடத்துக்கு அறுபது வினாடி. கொஞ்சம் தாமதமாகவே போங்கள். அதுவரை அவனுக்குச் சாவியும் ஆணியில் இருக்கும், மாமாவாக நானும் இருப்பேன்.