பாகம் முடியட்டும்

சிவபாதசுந்தரத்தார் வாய் நிறைய முறுக்கை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் சொல்லித் தருவதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருடைய ஹோலில் போய் உட்காராமல் இருக்க முடியாது. வெள்ளவத்தையில் அவருடைய மேல்மாடி அறைகளில் குடியிருந்தவர்கள் எல்லாரும் கனடாவுக்கோ லண்டனுக்கோ விசா பார்த்துக் காத்திருந்தவர்கள். தூதரகத்தில் இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது வெள்ளைக்காரனின் இங்கிலீஷ் விளங்க வேண்டும் என்று அவர் சொல்வார். அதற்கு அவர் கண்டுபிடித்த பாடம், ரீவியில் போய்க்கொண்டிருந்த ஒரு பழைய பிரித்தானிய விஞ்ஞானக் கற்பனைத் தொடர்.

கிரகத்துக்குக் கிரகம் போகும் ஒரு கப்டன். கூடவே, ஊர் அழிந்துபோன நாலைந்து பேர். யாராவது கதவைச் சாத்தினால் சுவரும் சேர்ந்து ஆடும். அன்றைய பாகத்தில் வந்த ஜந்து பச்சை றப்பரில் செய்தது. அதன் வாயிலிருந்து கஞ்சி மாதிரி ஏதோ வடிந்துகொண்டேயிருந்தது. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். காலம் முழுக்கக் கணக்குப் படிப்பித்தவளுக்கு ஓய்வுகாலத்தில் இந்தக் கண்றாவியும் பார்க்கக் கிடைத்தது.

எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் காவலர்கள் துவக்கை நீட்டி, இவர்கள் ஆர் என்று கேட்பார்கள். கப்டன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தே ஆர் வித் மீ" என்பான். உடனே சிவபாதசுந்தரத்தார் விரலை உயர்த்துவார். நாங்கள் வளர்ந்த ஆட்கள், நரைத்த தலைகள், பாலர் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுதான் வெள்ளைக்காரனின் பண்பு, தன்னை நம்பி வந்தவரை விடமாட்டான் என்று ஒரு பிரசங்கமும் நடக்கும்.

அன்றைக்குப் பாலேஸ்வரி மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தவள். கல்யாணம் முடித்த கையோடு கனடா போன புருஷனிடம் போவதற்குத் திங்கட்கிழமை காலை அவளுக்கு இன்டர்வியூ. கொழும்புக்கு வந்த தமிழரை வீட்டுக்காரரே கூட்டிக்கொண்டு போய்ப் பொலிசில் பதிய வேண்டும். பதியாமல் பிடிபட்டால் உள்ளேதான். இன்டர்வியூவும் போய்விடும். சனிக்கிழமை கேட்டபோது சிவபாதசுந்தரத்தார் நாளைக்கு என்றார். அன்றைக்கு அவள் வெளிக்கிட்டு, அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றபோது ரீவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"பாகம் முடியட்டும், பிள்ளை. பொலிஸ் ஸ்ரேசன் எங்கையும் ஓடிப்போகாது."

ஸ்ரேசன் ஓடிப்போகவில்லை. அது வீட்டுக்கே வந்தது. ஒரு இன்ஸ்பெக்டர், இரண்டு பொலிஸ்காரர், ஒரு பொம்பிளைப் பொலிஸ். ரீவியை நிற்பாட்ட ஒருவருக்கும் கை வரவில்லை. நாங்கள் பதிவுத் துண்டுகளை நீட்டினோம். பாலேஸ்வரியிடம் அட்டை மட்டும்தான் இருந்தது. இவ ஆர் என்று இன்ஸ்பெக்டர் சிவபாதசுந்தரத்தாரைச் சிங்களத்தில் கேட்டார்.

பதியாமல் ஆள் வைத்திருந்தால் வீட்டுக்காரருக்கும் வில்லங்கம். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனுஷன் யோசிக்கக்கூட இல்லை. கடைவாயில் ஒட்டியிருந்த முறுக்குத் தூளைத் துடைத்துவிட்டு, தேன் ஒழுகும் சிங்களத்தில் சொன்னார்: "மேயாவ மம தன்னே நே, மஹத்தயா." இவவை எனக்குத் தெரியாது. பக்கத்து ஒழுங்கையில் இருந்து ரீவி பார்க்க வந்த ஆளாக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பாலேஸ்வரிக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. ஐயா தனக்காகக் கதைக்கிறார் என்று நினைத்து, இன்ஸ்பெக்டரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துத் தலையாட்டினாள். ரீவியில் வடிந்ததைப் பார்த்து வந்த அருவருப்பு இதற்குப் பக்கத்திலும் நிற்காது. சுற்றிவர இருந்த மற்றவர்கள் குனிந்து தங்கள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழும்பினேன்.

"ஷி இஸ் வித் மீ," என்றேன்.

அப்படியென்றால் நீயும் வா என்றார் இன்ஸ்பெக்டர். உங்களுக்கேன் ரீச்சர் தேவையில்லாத வேலை என்று சிவபாதசுந்தரத்தார் தாழ்ந்த குரலில் கேட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க அருவருத்து, நான் பாலேஸ்வரியோடு வாசலுக்கு நடந்தேன்.

விசாரித்து எங்களை விடும்போது திங்கட்கிழமை மத்தியானம் தாண்டிவிட்டது. இன்டர்வியூ நேரம் போய்விட்டது. திரும்ப எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. சிவபாதசுந்தரத்தார் சிங்களத்தில் சொன்னது என்ன என்று இரவு ஸ்ரேசனின் சீமெந்து நிலத்தில் இருந்தபோது பாலேஸ்வரி கேட்டிருந்தாள். நான் ஒளிக்காமல் சொல்லியிருந்தேன். அவள் அழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் ஹோலில் இருந்தார். சாப்பிட்டியளோ என்று கேட்டார். பிறகு சும்மா இருக்க மாட்டாமல், நேற்றைய பாகத்தின் மிச்சக் கதையைச் சொல்லத் தொடங்கினார். அந்த ஜந்து வெடித்துச் செத்ததாம். கப்டன் ஒருவரையும் விட்டுவிட்டுப் போகவில்லையாம். அந்த வாயை அடைக்கவேண்டும் போல எனக்கு இருந்தது. பாலேஸ்வரியோ செருப்பையும் கழற்றாமல், வாசலில் நின்று கடைசிவரை கேட்டாள். பிறகு அடையாள அட்டையை அவர் முன்னால் நீட்டினாள்.

"பாகம் முடிஞ்சிட்டுதுதானே ஐயா. இனிப் பொலிசுக்குப் போவம்."